மூன்று நாள் காற்று

துணி காயப்போட எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குழி தோண்டுவதற்கு என் மகள் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தாள். அதற்காக இரண்டு நாள் அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். காற்றை மோந்து பார்த்தே, விரிப்பு எத்தனை மணிக்குக் காயும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் வந்து, "கொடிய வேற எங்கயாவது கட்டிக்கோம்மா" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது, ஐயா?

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் கொடியிலிருந்து சொல்கிறேன். எழுதுகிற அம்மா மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. எதிரே வருகிற வண்டி விளக்கெல்லாம் பூப்பூவாகத் தெரிகிறது என்று முதலில் சொன்னார். அப்புறம் பகலிலேயே எல்லாம் மங்கிப்போனது. ஒருநாள் பஸ்ஸை டெப்போவில் நிறுத்திவிட்டு, சாவியை மேனேஜர் மேஜைமேல் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தார். "இனிமே நான் ஓட்டினா ஜனங்க பாவம்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சுபாவம் அப்படி. தன்னால் இன்னொருவருக்குச் சங்கடம் என்று பட்டால் சத்தம் காட்டாமல் ஒதுங்கிக்கொள்வார்.

மகள் ஒருத்திதான். இருபத்தொன்பது வயது. கட்டட வேலையில் சூப்பர்வைசர். வெயிலில் நின்று நின்று கறுத்து, நகக்கண்ணில் எப்போதும் சிமெண்டோடு வருவாள். எனக்கு அவள் பாப்பா. அவருக்கு மேஸ்திரி. அவள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும், "மேஸ்திரி வந்தாச்சு, எல்லாரும் வேலையப் பாருங்க" என்று நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுப்பார். அந்த எல்லாரும் என்பது நான் ஒருத்திதான்.

போன வருடம் அடித்த சூறாவளி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அவர் வீட்டில் தனியாக இருந்தார். நான் ஆஸ்பத்திரியில், பாப்பா வேலையிடத்தில். முன்பக்கக் கூரைத் தகடு நான்கும் பறந்துவிட்டன. நாங்கள் இருவரும் அடித்துப்பிடித்து வந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியில் படுத்து அதன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே இழுத்து உட்காரவைத்ததும் சிரித்தார். "யாரோ வீட்டத் தூக்கிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன் மேஸ்திரி. போனா போகட்டும், கட்டில மட்டும் விடக்கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டேன்." நான் சிரித்துவிட்டேன். பாப்பா சிரிக்கவில்லை. அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள்.

புயலுக்குப் பதுங்க மண்ணுக்கு அடியில் அந்தக் கீழ் அறையைக் கட்டி முடிக்க ஏழு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை. அவளோடு வேலை பார்க்கும் கொத்தனார்கள் நாலு பேர் மாறிமாறி வந்து கை கொடுத்தார்கள். மற்றதெல்லாம் அவளே. குழிக்குள் நின்று மண்ணை வாளியில் போடுவாள், நான் மேலே இழுத்துக் கொட்டுவேன். இவர் குழி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஆழம் போதுமா, இல்ல அந்தப் பக்கமா வெளிய வந்துடுவியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

வேலை சுத்தமாக இருந்தது. அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். மேலிருந்து ஒன்பது படி இறங்கினால் ஒரு இரும்புக் கதவு. படிக்கு இரண்டு பக்கமும் சுவர், மேலே திறந்தவெளி, ஒட்டினாற்போல எங்கள் மதில்சுவர். கதவு உள்பக்கமாகத் திறக்கும். வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்றால், எதுவும் சரிந்து அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்றாள். கதவுக்குக் குறுக்கே போட என் மணிக்கட்டு மொத்தத்தில் ஒரு கம்பி. உள்ளே ஒரு கட்டில், ஒரு பெஞ்சு, தண்ணீர் கேன்கள், டார்ச், ரேடியோ. மூச்சுக்குக் காற்று வர ஒரு குழாய் மேலே தோட்டம்வரை போகும். அதன் அடியில் கையால் சுற்றுகிற ஒரு விசிறி வைத்திருந்தாள். சுற்றினால் குழாய்க்குள் காற்று ஊளையிடும். முதல் தடவை சுற்றிக் காட்டியபோது, "ஐயோ, புயல உள்ளயே வச்சுட்டியே" என்று இவர் காதைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் உள்ளே இறக்கி ஒத்திகை பார்த்தாள். கதவைச் சாத்துவது, கம்பி போடுவது, விசிறியை எப்போது சுற்றுவது, எல்லாம். "கம்பியப் போட்டுட்டா காத்து நிக்கிற வரைக்கும் யாருக்கும் திறக்கக்கூடாதும்மா. காத்து ஒரு தடவ உள்ள பூந்துட்டா கதவ மறுபடி சாத்த முடியாது. நானே வந்து தட்டினாலும் திறக்காத." அப்படித்தான் சொன்னாள். அதனால்தான் நான் திறக்கவில்லை. நேற்று உங்களிடம் சொன்னதும் இதுதான்.

அன்றைக்குப் புயல் எச்சரிக்கை வந்தது மத்தியானம் இரண்டரை மணிக்கு. வெளிச்சம் மஞ்சளாக மாறி, தெருவில் நாய்கள் எல்லாம் காணாமல்போயின. தையல்கார அம்மா எதிர்வீட்டிலிருந்து தன் மெஷினுக்கு மேல் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டே, "நாங்க ஸ்கூல் கட்டடத்துக்குப் போறோம்க்கா, நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டாள். பாப்பா வந்ததும் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். இரண்டே முக்காலுக்குப் பாப்பா போன் செய்தாள். "கிளம்பிட்டேம்மா. எனக்காக மேல நிக்காத, அப்பாவக் கூட்டிட்டு இறங்கிடு. கதவச் சாத்திக்கோ. நான் வந்து தட்டுறேன்."

ஆமாம். நான் வந்து தட்டுகிறேன் என்றுதான் சொன்னாள்.

இவரைக் கைப்பிடித்து ஒன்பது படி இறக்கினேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் இன்சுலின், ஊசி, பிஸ்கட், ரொட்டி, எல்லாம் ஒரே பையில். கதவைச் சாத்திக் கம்பியைப் போட்டேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து, "நல்ல சீட்டுதான். ஜன்னலோரம் கிடைக்கல, அவ்வளவுதான்" என்றார்.

பிறகு காற்று வந்தது. ஐயா, நீங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள் இருந்திருப்பீர்கள். மண்ணுக்கு அடியில் அது எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பெரிய லாரி நம் தலைக்கு மேலே வந்து, நகராமல், இன்ஜினை மட்டும் முறுக்கிக்கொண்டே இருப்பதுபோல. கம்பி கொக்கியில் கடகடவென்று ஆடியது. நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தட்டினாள். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. சின்ன வயதிலிருந்தே அவள் எந்தக் கதவையும் அப்படித்தான் தட்டுவாள், குளியலறைக் கதவைக்கூட.

"யாரோ தட்றாங்க" என்றார் இவர்.

"கிளை" என்றேன். "மரக்கிளை வந்து விழுந்திருக்குங்க."

அவர் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினார். கண் போனபிறகு அவர் காது கத்திமாதிரி ஆகிவிட்டது என்று நாங்கள் சொல்வதுண்டு. ஆனால் அன்றைக்கு இருந்த சத்தத்தில் எந்தக் காதும் உதவாது. மறுபடி மூன்று தட்டு. "கிளைதானே?" என்றார். "கிளைதான்" என்றேன்.

அதற்குள் என் இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் என் கையில் அவள் பேர் எரிந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. அம்மா என்றாள். சத்தம் போட்டெல்லாம் இல்லை. நான் அடுப்படியில் இருக்கும்போது வாசலில் வந்து நின்று கூப்பிடுவாளே, அதேமாதிரி. மூன்றாவது தடவை அதிர்ந்தபோது போனை அணைத்துவிட்டேன்.

போன் கம்பெனியில் கேட்டு வாங்கி நீங்களே சொன்னீர்கள். முதல் அழைப்பு மூன்று ஐந்துக்கு, கடைசி அழைப்பு மூன்று பதினொன்றுக்கு. ஆறு நிமிடம். சரியாகத்தான் இருக்கும். ஒரு பெண்பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிற நேரம்.

அப்புறம் மேலே ஏதோ சரிந்து விழுந்தது. எங்கள் மதில்சுவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதன்பிறகு தட்டல் இல்லை.

காற்று முக்கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் அது அவ்வளவு பெரிய காற்றுகூட இல்லை என்கிறார்கள். போன வருடத்தில் பாதி என்று ரேடியோவில் சொன்னார்களாம். இவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கம்பியை எடுத்துக் கதவைத் திறந்தேன். உள்பக்கமாகத்தான் திறக்கும் என்று சொன்னேனே, சுலபமாகத் திறந்தது. அவள் சொன்னது சரி. படிக்கட்டு முழுக்கச் செங்கல். கடைசிப் படியில் அவள் உட்கார்ந்தமாதிரி இருந்தாள். மழைக்கோட்டு போட்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே செங்கல். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் இருந்தவளுக்கு அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

கட்டிலுக்கு அடியில் இருந்த வெள்ளை விரிப்பை எடுத்துவந்து மூடினேன். நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். மூலையை மடித்து ஒழுங்காகத்தான் வைத்தேன், அது கைப்பழக்கம். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக் கம்பியைப் போட்டேன்.

"நின்னுடுச்சா?" என்றார்.

அவர் குரலில் ஒரு ஆசை இருந்தது, ஐயா. நின்றுவிட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி மேஸ்திரி எங்கே என்பதுதான். நடந்ததைச் சொல்ல வேண்டிவரும். கேட்டதும் அவர் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்தேன். அந்த ஒரு நொடியில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"எங்கங்க நிக்கிது" என்றேன். போய் விசிறியைச் சுற்றினேன்.

குழாய் ஊளையிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மேஸ்திரி?" என்றார். "போன் பண்ணினா. வேலையிடத்துலயே தங்கிட்டாளாம். அங்க பெரிய கட்டடம், பயமில்லையாம். உங்கள நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா." எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "அப்படியா" என்றார். "சரி. நீ சொன்னா சரி."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் சுற்றலாம், அதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் இன்னும் ஒரு மணி நேரம் என்று தோன்றியது. கை ஓய்ந்தால் கொஞ்சம் நிறுத்துவேன், காற்று அடங்குகிறது என்பேன். மறுபடி சுற்றுவேன், திரும்ப வந்துவிட்டது என்பேன். மூன்று நாள் வீசிய காற்றை இந்த வலது கையால்தான் சுற்றினேன். பாருங்கள், தோள்பட்டை இன்னும் இறங்கவில்லை. நடுநடுவே பாப்பாவோடு போனில் பேசினேன். அணைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டிருக்கியா" என்று கேட்டேன். "அப்பா நல்லா இருக்கார், தூங்குறார்" என்றேன். அவர் தூங்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க பேசுறீங்களா?" என்று ஒரு தடவை நீட்டினேன். ஏன் நீட்டினேனோ தெரியாது. அவர் போனைக் கையால் ஒதுக்கிவிட்டு, "வேணாம். அவளுக்கு வேலையிருக்கும்" என்றார்.

இரண்டாம் நாள் தையல்கார அம்மா வந்தாள். ஸ்கூலிலிருந்து திரும்பி, தன் வீட்டைப் பார்த்துவிட்டு, எங்கள் தோட்டத்துக் குழாய்ப் பக்கம் வந்திருக்கிறாள்; செங்கல் சரிந்து கிடந்த படிப்பக்கம் போகவில்லை. குழாய் வழியாக அவள் குரல் தெளிவாக இறங்கியது. "அக்கா! உள்ள இருக்கீங்களா? அண்ணே!" பறவைச் சத்தம்கூடக் கேட்டது.

நான் விசிறியை வேகமாகச் சுற்றினேன்.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார் இவர்.

"காத்துங்க."

அவர் வாய் திறந்தது. கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். நல்ல கணீர்க் குரல் அவருக்கு, முப்பது வருடம் பஸ்ஸுக்குள் கத்திய குரல். ஒரு சத்தம் போட்டிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். வாயை மூடிக்கொண்டார். "காத்துதான்" என்றார். அவள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். குழாய்க்குள் காற்று சுற்றுகிறது, இவர்கள் வேறெங்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தாளாம். பாவம், அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

அதற்கப்புறம் இவர் நிறையப் பேசினார். பஸ் கதையெல்லாம். எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். கல்யாணமான புதிது, ஒருநாள் சந்தையோரம் ஒரு குழந்தை பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவந்துவிட்டதாம். "பிரேக்க மிதிக்கணும், காலு வரல. என் காலுதான். வான்னு சொல்றேன், வரல. கண்டக்டர் குதிச்சுப் போய்ப் பிள்ளைய இழுத்துட்டான். இல்லன்னா..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயம் வந்துட்டா கை காலு நம்ம பேச்சக் கேக்காது. அதுக்காக நான் கெட்டவனா சொல்லு?"

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"சும்மாதான். பொழுது போகணும்ல" என்றார். கையைத் துழாவி என் தலையைத் தொட்டார். "நீ ரொம்பப் பயந்துட்ட. அவ்வளவுதான்."

புயலைத்தான் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

ஊசி காலையும் மாலையும் நான்தான் போடுவேன். இருபது வருடப் பழக்கம். ஊசி போட்டு, பின்னாலேயே சாப்பிடக் கொடுத்துவிட வேண்டும். விசிறி இருப்பது குழாய்ப் பக்கச் சுவரில், கட்டிலுக்கு முதுகு காட்டித்தான் சுற்ற முடியும். பிஸ்கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சுற்றுவேன். "சாப்பிட்டீங்களா?" என்பேன். "ஆச்சு" என்பார். இரண்டாம் நாள் சாயங்காலம், "ரெண்டு நாளா இனிப்பு பிஸ்கட்டா தின்னுட்டு உக்காந்திருக்கேன், சர்க்கரை ஏறியிருக்கும். கொஞ்சம் கூடவே போடு" என்றார். நியாயமாகப் பட்டது. கூடப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி ஊசி போட்டபோது அவர் சட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது. எத்தனை நோயாளிகளின் விரிப்பை அப்படி நனைந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அறை புழுக்கமாக இருந்தது, ஐயா. காற்றில்லாமல் வியர்க்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

"நிறுத்தும்மா" என்றார். குரல் குழறியது. "கை வலிக்கும். காத்து நின்னாலும் பரவால்ல. நான் இங்கயே இருக்கேன்."

மூச்சுக்காகச் சுற்றுகிறேன் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று தோன்றியது. திரும்பாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் அந்தக் கொத்தனார்கள் நாலு பேரும் அவளைத் தேடி வந்தார்கள். தெரு முனையில் அவள் ஸ்கூட்டி கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். செங்கல்லை எடுத்து, விரிப்பை எடுத்து, கதவைக் கடப்பாரையால் இடித்தார்கள். எழுந்துபோய் நானே கம்பியை எடுத்தேன். உள்ளே வந்தவர்களிடம், "மெதுவா, அவர் தூங்குறார்" என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. திரும்பிப்போய் விசிறியைச் சுற்ற ஆரம்பித்தேன் என்கிறார்கள். அது உண்மையாக இருக்கும்.

இப்போது ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். எழுதுகிற அம்மா முன்னால் எழுதியதை அடித்துவிடட்டும்.

நானே வந்து தட்டினாலும் திறக்காதே என்று பாப்பா சொல்லவில்லை. யாருக்கும் திறக்கக்கூடாது என்றுதான் சொன்னாள். இவர் உடனே, "அப்ப நீ வெளிய மாட்டிக்கிட்டா?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு, "எனக்கு எங்கம்மா திறப்பாங்க" என்றாள். அதுதான் அவள் சொன்னது.

இவரைக் காப்பாற்றத்தான் திறக்கவில்லை என்று நேற்று சொன்னேன். அதுவும் இல்லை. அந்த ஆறு நிமிடத்தில் இவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. கம்பி என் கையில் ஆடியது. எடுத்தால் அந்தச் சத்தம் உள்ளே என்மேல் வந்துவிடும் என்று மட்டும்தான் இருந்தது. வெளியே நிற்பது யார் என்று தெரியும். எதற்காகத் தட்டுகிறாள் என்று தெரியும். கம்பியை ஒரு சாண் தள்ளினால் போதும் என்று தெரியும். நடுவில் ஒரு தடவை காற்று நன்றாகவே அடங்கியது, அதுவும் தெரியும். அப்போதும் தள்ளவில்லை. முதல் தட்டுக்கே திறக்காதவள் பத்தாவது தட்டுக்குத் திறந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தது. அதற்காக ஒரு பிள்ளையை வெளியே விடுவார்களா என்றால், நான் விட்டேன். அவளை நான்தான் கொன்றேன். சுவர் பிறகுதான் விழுந்தது.

அவருக்கு ஊசி போட்டதும் நான்தான். அதையும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள் காலையில் படித்துக் காட்டினீர்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயிற்றில் ஒன்றுமில்லை, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஊசி மட்டும் ஏறியிருக்கிறது என்கிறார். சட்டைப் பையிலும் தலையணை உறைக்குள்ளும் நான் கொடுத்த பிஸ்கட் அத்தனையும் இருந்தன, ஒன்றுகூடக் கடிபடவில்லை என்கிறீர்கள். சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று இருபது வருடச் சர்க்கரைக்காரருக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள்.

உங்களுக்கு அவரைத் தெரியாது, ஐயா. அந்த பிஸ்கட் பாப்பாவுக்குப் பிடித்தது. டெப்போ கேன்டீனில் கொடுப்பதைக்கூட அவர் தின்னாமல் பையில் போட்டு அவளுக்குக் கொண்டுவந்த மனுஷன். காற்று நின்றதும் அவள் பசியோடு வருவாளே என்று எடுத்து வைத்திருக்கிறார். வேறென்ன? இல்லாத பிள்ளைக்கு யாராவது பிஸ்கட் எடுத்து வைப்பார்களா?

அவருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. அதை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக எழுதச் சொல்லுங்கள்.